பார்தான் இலைக்கு ஒரு மணித்தியாலம்

கலைமாறன் பாரிசுக்கு வந்து இரண்டு வருசமாகியும் ஒரு இரவு ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. முதுகு கடிக்கும். நுளம்பு கடித்த மாதிரி சொறிந்துவிட்டுத் திரும்பிப் படுக்கிற கடி இல்லை. எழும்பி உட்கார்ந்து, சுவரோடு முதுகைத் தேய்த்து, கடைசியில் சாப்பாட்டுக் கரண்டியை எடுத்துச் சொறிய வைக்கிற கடி. அவனுடைய அக்கா வசந்தரூபிக்கு லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு புடவைக் கடைக்கு மேலே நாலாம் மாடியில் ஒரே ஒரு அறை இருந்தது. நடுவில் ஒரு சீலையைக் கட்டி அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் அவளும் படுத்தார்கள். கரண்டிச் சத்தம் கேட்கக் கேட்க அவளுக்கும் நித்திரை போய்விட்டது.

அந்த முதுகில் இரண்டு விதமான அடையாளங்கள் இருந்தன. வயரால் அடித்த ஏழு கோடுகளும், இடது தோளுக்குக் கீழே சிகரெட்டால் சுட்ட நாலு வட்டங்களும் பழையவை. ஆறு வருசத்துக்கு முன்னால் வன்னியில் விசாரணை என்று வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனவர்கள் போட்டவை. அவற்றின் மேலேயும் சுற்றியும் இருந்த புண்கள் அவனே சொறிந்து உண்டாக்கியவை. பழையதைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. விண்ணப்பத்தில் என்ன எழுதிக் கொடுத்தானோ அதற்கு மேல் அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

அகதி விண்ணப்பம் முதல் தடவை மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டில் கிடந்தது. விசாரணை ஜூன் பதினாறு. வக்கீல் கையை விரிக்கவில்லை, ஆனால் சும்மா நம்பிக்கையும் தரவில்லை. "உங்கள் தம்பியிடம் கடிதம் இல்லை, படம் இல்லை, சாட்சி இல்லை. அவரிடம் இருப்பது முதுகு மட்டும்தான்" என்றார். காயங்களைப் பரிசோதித்து அவை எத்தனை வருசத்துக்கு முந்தியவை என்று எழுதித் தருகிற டொக்டர் ஒருவரிடம் ஜூன் மூன்றாம் திகதிக்கு ரொந்தேவு, அதாவது சந்திக்கிற நேரம், எடுத்துக் கொடுத்தார்.

வசந்தரூபிக்கு நாற்பத்திமூன்று வயது. புருசன் சீனி வியாதியில் போய் ஐந்து வருசம். பிள்ளை இல்லை. உலகத்தில் அவளுக்கென்று மிஞ்சியது சீலைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன் ஒருவன்தான். அவனுக்கு வதிவிடக் காட் கிடைக்காவிட்டால் அவனைத் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினால் அந்த முதுகை எழுதினவர்களே மறுபடியும் வந்து கதவைத் தட்டுவார்கள். அவள் அதற்கு மேலே யோசிக்க மாட்டாள். யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் எழும்பிப் போய் எதையாவது கழுவுவாள்.

பார்தான் என்கிற செடியை அவளுக்குக் காட்டியவள் ஜிஸ்லேன். இரண்டு பேரும் ஆர்ஜொந்தெயில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் விடிய ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை துப்புரவு வேலை. ஜிஸ்லேன் நாட்டுப்புறத்தில் மாடு பார்த்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம், சிகரெட்டும் நீளம். மார்ச் மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து ஆற்றங்கரையில் நின்று புகைத்துக்கொண்டிருக்கும்போது, வசந்தரூபி கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் நிற்பதைப் பார்த்து என்ன ஏது என்று பிடுங்கி எடுத்தாள். கேட்டு முடித்ததும் சிகரெட்டை மிதித்துவிட்டு, பாதையோரத்துப் பற்றைக்குள் இறங்கிவிட்டாள்.

"இதுதான் பார்தான்" என்றாள்.

சேம்பு இலை அகலத்தில், அடியில் வெள்ளைச் சாம்பல் பூசின மாதிரி, தரையோடு விரிந்து கிடந்தது. வசந்தரூபிக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. லா சப்பலில் ரயில் தண்டவாளத்து வேலியோரம் இதே செடி மண்டிக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் அந்த வழியால் நடந்தால் அதன் காய்கள் நாயுருவி போல மேல்கோட்டில் தொற்றிக்கொள்ளும். இழுத்தால் நூலோடுதான் வரும். பதினேழு வருசமாக அவள் அந்தச் செடியைத் திட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள், பெயர் தெரியாமலே.

"எங்கள் பக்கம் வெண்ணெயை இந்த இலையில் சுற்றித்தான் சந்தைக்குக் கொண்டு போவோம்" என்றாள் ஜிஸ்லேன். "கிழங்கை அவித்துக் குடித்தால் சொறி, சிரங்கு, கொப்புளம் எல்லாம் அடங்கும். என் அண்ணன் ஒரு வசந்தகாலம் முழுக்கக் குடித்தான். ஒன்று கவனி. போன வருசம் முளைத்து, இன்னும் தண்டு விடாத செடியாகப் பார்த்துத் தோண்ட வேண்டும். தண்டு விட்டால் கிழங்கு விறகுதான்."

இலையைப் பற்றியும் சொன்னாள். போத்தலை உருட்டி நரம்பை நசுக்கி, வெந்நீரில் வாட்டி, புண்ணில் வைத்துக் கட்டலாம். "ஆனால் ஒரு மணித்தியாலம், அதற்கு மேலே வேண்டாம். மயிர் உள்ள இலை, எல்லாத் தோலுக்கும் ஒத்து வராது. முதலில் கையில் ஒரு துண்டு வைத்துப் பார்."

இதை வசந்தரூபி தெளிவாகக் கேட்டாள், நல்லாக விளங்கிக்கொண்டாள். பிறகு விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப அவளுக்கு வழியே இருக்கவில்லை.

அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கறிக்கத்தியாலும் உடைந்த தும்புத்தடியின் கம்பாலும் கிழங்கு தோண்டினார்கள். அந்தக் கிழங்கு ஒரு பிடிவாதக்காரக் கிழங்கு. முழங்கை நீளத்துக்குத் தோண்டியும் அடி காணவில்லை. கடைசியில் ஜிஸ்லேன் இழுத்த இழுவையில் அது பாதியில் முறிய, அவள் பின்னால் போய்ப் பொத்தென்று விழுந்து, தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னாள். வசந்தரூபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

கிழங்கைச் சீவி, நறுக்கி, நாலு கோப்பைத் தண்ணீரை ஒன்றாக வற்ற வைத்துக் காலையும் மாலையும் கொடுத்தாள். கலைமாறன் முதல் மிடறிலேயே முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, உது மண்ணை அவிச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு."

"வாயை மூடிக்கொண்டு குடி."

குடித்தான். கத்தரிக்காய், கருவாடு, நண்டு எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியமும் வைத்தாள். ஜிஸ்லேன் பத்தியம் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து என்றால் பத்தியம் இல்லாமல் எப்படி என்று இவளாகவே வைத்தாள். கிழங்கோ பத்தியமோ, மூன்றாவது கிழமை கரண்டிச் சத்தம் குறைந்தது. மே மாதம் பிறந்த பிறகு ஒரு நாள் அவள் வேலைக்குப் போக எழும்பும்போது சீலைக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்டது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மெத்ரோவில் கண்ணீரைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி கைக்குட்டை நீட்ட, சந்தோசத்தில் அழுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டாள்.

கதை இந்த இடத்தில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை, ஏனென்றால் மே மாதம் ஒரு திங்கட்கிழமை தொலைபேசி வந்தது. டொக்டரிடம் ஒருவருடைய ரொந்தேவு கழன்றுவிட்டதாம், ஜூன் மூன்று வேண்டாம், வருகிற வியாழக்கிழமை காலையே வரச் சொன்னார்கள். வக்கீல் நல்லது என்றார், முந்திப் போனால் முந்திக் கையில் கிடைக்கும் என்றார்.

வசந்தரூபி அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி யன்னலோரம் திருப்பிப் பார்த்தாள். கடி அடங்கியிருந்தது, ஆனால் சொறிந்த புண்ணின் பொருக்குகள் இன்னும் உதிரவில்லை. ஏழு கோடுகளில் மூன்று, பொருக்குக்கு அடியில் மறைந்து கிடந்தன. இன்னும் இரண்டு கிழமை இருந்திருந்தால் எல்லாம் தானாக விழுந்திருக்கும். அவளிடம் இருந்தது மூன்று நாள்.

டொக்டர் பழைய காயத்தைப் பார்க்க வேண்டும். பொருக்கு அதை மறைக்கிறது. ஆகவே பொருக்கைப் போக்க வேண்டும். அவள் கணக்கு இவ்வளவுதான், அதில் பிழையும் இல்லை. பொறுக்கிற குணம் மட்டும் இல்லாமல் போய்விட்டது. திங்கள் பின்னேரமே தண்டவாள வேலிக்குப் போய் ஒரு பை நிறைய இலை பிடுங்கி வந்தாள். போத்தலால் உருட்டி வாட்டினாள். அதோடு விட்டாளா? புண் என்றால் மஞ்சள் இல்லாமலா என்று இரண்டு கரண்டி மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து இலையில் தடவி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ஒரு மணித்தியாலம் என்று ஜிஸ்லேன் சொன்னது ஞாபகம் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் என்ன மாறும் என்று நினைத்தாள். இரவு முழுக்க விட்டாள். செவ்வாய்க்கிழமை புது இலை வைத்தாள். புதன்கிழமையும் வைத்தாள்.

"அக்கா, எரியுது" என்றான் அவன், புதன் மத்தியானம்.

"எரிஞ்சால்தான்டா மருந்து வேலை செய்யுது."

அவன் திரும்பிக் குப்புறப் படுத்தான். அவன் எரிச்சலைப் பொறுக்கப் பழகினவன் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

வியாழன் காலை கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். முதுகு முழுக்கச் சிவந்து, இலை பட்ட இடமெல்லாம் நீர்க்கொப்புளம். அதன் மேல் மஞ்சள் நிறம் பாதி ஊறி, பாதி திட்டாகக் கிடந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், மஞ்சள் போகவில்லை, இரண்டு கொப்புளம் உடைந்ததுதான் மிச்சம். கோடும் வட்டமும் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. ரொந்தேவைத் தள்ளிப் போடலாம் என்ற யோசனை வந்தது. தள்ளினால் அடுத்தது எப்போது கிடைக்குமோ, விசாரணைக்கு முந்திக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கூட்டிக்கொண்டு போனாள்.

வாசலில் வைத்து அவனிடம் ஒன்று சொன்னாள். "பச்சிலை கட்டினதை டொக்டரிட்டைச் சொல்லாதை. ஏசுவா." அவளுடைய புருசன் பாவற்காய்ச் சாறு குடித்ததைக் கேட்டு ஒரு டொக்டர், காட்டுமிராண்டிகளா நீங்கள் என்கிற மாதிரி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்திருந்தார். அந்தப் பார்வையின் வெட்கம் ஐந்து வருசமாக அவளுக்குள் இருந்தது.

உள்ளே டொக்டர், தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் மூலம், ஏதாவது பூசினீர்களா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அவன் இரண்டு தடவையும் இல்லை என்றிருக்கிறான்.

சான்றிதழ் நேரே வக்கீலிடம் போனது, அதுவும் விசாரணைக்கு முதல் நாள்தான். விசாரணையன்று அவருக்கு வேறு வழக்கு, தன்னுடைய இடத்துக்கு இளம் வக்கீல் ஒருத்தியை அனுப்பியிருந்தார். அந்தப் பெண் மண்டபத்து வாசலில் நின்றுதான் கோப்பைத் திறந்தாள். விசாரணைக்கு யாரும் வந்து இருக்கலாம். வசந்தரூபி கடைசி வரிசை வாங்கில், கோவிலுக்குக் கட்டுகிற சேலையோடு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

நீதிபதி வயதான பெண். கடுமையான முகம் இல்லை. ஊரைப் பற்றிக் கேட்டார், வருசங்களைக் கேட்டார், அவன் ஒழுங்காகப் பதில் சொன்னான். பிறகு ஒரு தாளை எடுத்து வாசித்தார். முதுகில் சமீபத்திய எரிகாயங்கள், ஒரு கிழமைக்கு உட்பட்டவை, மஞ்சள் நிறப் பொருள் ஒன்றும் காணப்படுகிறது. பரிசோதிக்கப்பட்டவர் எதுவும் பூசவில்லை என்கிறார். இவற்றுக்கு அடியில் பழைய தழும்புகள் உள்ளனவா என்று உறுதிப்படுத்த முடியவில்லை.

"இந்தப் புதிய காயங்கள் எப்படி வந்தன?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

கலைமாறன் நீதிபதியையே பார்த்தான். திரும்பி அக்காவைப் பார்க்கவில்லை.

"தெரியாது" என்றான்.

வசந்தரூபி எழும்பிவிட்டாள். "நான்தான் கட்டினனான். இலை. நான்தான்" என்று சொன்னாள். பதினேழு வருசம் பிரெஞ்சில் வேலை செய்து, பிரெஞ்சில் புருசனைப் புதைத்த பத்திரம் வரை நிரப்பியவள், அந்த ஒரு நேரத்தில் தமிழில்தான் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அவளைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். அவருடைய வேலை அவனுடைய பேச்சை மொழிபெயர்ப்பது மட்டும். வாயிற்காவலர் கையால் உட்காரச் சொன்னார். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று நீதிபதி சொன்னார், தன்மையாகத்தான் சொன்னார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதை நினைக்கும் போதெல்லாம், நான் ஏன் உட்கார்ந்தேன் என்று அவளுக்கு நெஞ்சு வெடிக்கும்.

வெளியே நடைவழியில் வைத்து அவனுடைய கையைப் பிடித்தாள்.

"ஏன்டா சொல்லேல்லை?"

"டொக்டரிட்டை இல்லை எண்டு சொல்லீட்டன் அக்கா. பொன்னம்பலண்ணை என்ன சொன்னவர்? ஒருக்காச் சொன்னதை மாத்தக்கூடாதெண்டு."

அது அவளுக்கும் தெரியும். லா சப்பலில் தொலைபேசிக் கடையின் பின்னறையில் இருந்து எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் பொன்னம்பலம், கதிரையில் இருத்தின உடனேயே சொல்கிற முதல் பாடம் அதுதான். ஒரு திகதியை மாற்றினால் கேஸ் போச்சு, ஒரு ஆளின் பெயரை மாற்றினால் கேஸ் போச்சு. எத்தனையோ பேர் அப்படி மாற்றிப் போட்டுத் தோற்றதைப் பார்த்தவர். கலைமாறன் அந்தப் பாடத்தை மந்திரம் போல மனதில் வைத்திருந்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். சொன்னதை மாற்றக் கூடாதென்று பொய்யைக் காப்பாற்றினான். அந்தப் பொய்யும் அவனுடையதில்லை, அவள் கொடுத்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. வக்கீலிடம் போய் அழுதாள். விசாரணை முடிந்த பிறகும் ஒரு விளக்கம் அனுப்பலாம், ஆனால் முதுகு ஆறிப் புதுச் சான்றிதழ் எடுக்கும் வரை காத்திருக்க மாட்டார்கள் என்றார் அவர். ஜிஸ்லேன் தன் அடையாள அட்டையின் பிரதியோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். செடியைக் காட்டியது நான், இலை கட்டலாம் என்று சொன்னது நான், ஒரு மணித்தியாலம் என்றும் சொன்னேன் என்று எழுதினாள். கடைசி வரியை எழுதும்போது நிமிர்ந்து வசந்தரூபியைப் பார்த்தாள். "எழுது, அதுதானே உண்மை" என்றாள் வசந்தரூபி. காய்ந்த இலை ஒன்றையும் கடித உறையில் வைத்தார்கள்.

ஜூலை நடுப்பகுதியில் முடிவு வந்தது. பொன்னம்பலம் வாசித்துச் சொன்னார். விளக்கம் பிந்தி வந்தது. விண்ணப்பதாரி டொக்டரிடமும் நீதிமன்றத்திலும் அதற்கு மாறாகச் சொல்லியிருக்கிறார். உடலில் உள்ள அடையாளங்கள் சமீபத்தியவை. மறுக்கப்படுகிறது. வாசித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இலையைப் பற்றி முதலே என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"ஓம் அண்ணை" என்றாள். அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆகஸ்டில் ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. கலைமாறன் ஏற்கனவே தீர்மானித்துவிட்டான். வடக்கே கடற்கரைக்குப் போய் அங்கே இருக்கும் பெடியளோடு சேர்ந்து படகில் இங்கிலாந்துக்குப் போவது. படகு என்று அவன் சொன்ன சொல்லுக்கு அவள் தலையாட்டினாள். வேண்டாம் என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்தாள். அவளைக் குறைசொல்லி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பாள்.

போகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. ரயில் பின்னேரம் ஐந்தரைக்கு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், பைக்கு சிப் போட்டுக்கொண்டே அவன் கேட்டான்.

"அக்கா, திரும்பக் கடிக்கத் தொடங்கீட்டுது. அந்த இலை இருக்கோ?"

அவள் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "அதை இனிக் கையாலை தொடமாட்டன் எண்டு இருக்கிறன்."

"ரா முழுக்க எங்கை படுப்பனோ தெரியாது. கொஞ்சம் கண்ணயர்ந்திட்டுப் போறன்." பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னான். "இனி ஆர் அக்கா பாக்கப் போகினம்? போடுங்கோ."

அவள் வேலியோரம் போனாள். செடி அவள் உயரத்துக்குத் தண்டு விட்டு, ஊதாப் பூவும் பச்சைக் காயுமாக நின்றது. கிழங்கு இப்போது விறகாகியிருக்கும். அடியில் நல்ல இலை நாலு இருந்தது. பிடுங்கும்போது காய்கள் சட்டைக் கையில் தொற்றின. அவள் தட்டிவிடவில்லை.

இந்த முறை மஞ்சள் இல்லை, எண்ணெய் இல்லை. போத்தலை உருட்டி, வெந்நீரில் வாட்டி, முதலில் அவனுடைய கையில் ஒரு துண்டு வைத்துப் பத்து நிமிசம் பார்த்தாள். சிவக்கவில்லை. அவன் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தான்.

யன்னல் வெளிச்சத்தில் முதுகு தெளிவாக இருந்தது. கொப்புளம் காய்ந்து, தோல் உரிந்து, பொருக்கு ஒன்றும் இல்லை. ஏழு கோடுகளும் வெள்ளையாக, ஒன்றுக்கொன்று கலக்காமல் கிடந்தன. தோளுக்குக் கீழே நாலு வட்டமும் அப்படியே இருந்தன. பள்ளிக்கூடம் போகாதவன் கூட வாசித்துவிடுவான். எந்த டொக்டரும், எந்த நீதிபதியும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிற முதுகு அது, இரண்டு மாதம் பிந்திவிட்டது.

அவள் இலையை வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மணித்தியாலத்தில் அவனுக்குக் குறட்டை வந்தது. சரியாக ஒரு மணித்தியாலம் ஆனதும் இலையை எடுத்தாள். சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை. ஜிஸ்லேன் சொன்னபடிதான் இருந்தது.

அப்போது அவள், இரண்டு மாதமாக மெத்ரோவிலும் வேலையிலும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனத்தை, ஒரு பிழையும் இல்லாத பிரெஞ்சில், அந்த அறையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "நான்தான் மேடம். அந்த இலையைக் கட்டியது நான். டொக்டரிடம் சொல்லாதே என்று சொன்னதும் நான்."

அவன் எழும்பவில்லை. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் அவனை இன்னும் பத்து நிமிசம் நித்திரை கொள்ள விட்டாள்.